சிதறிய துண்டுகளை ஆங்கில வாக்கியமாக அடுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரீட்சையில் ஆங்கில வாக்கியம் ஒன்றை நான்கைந்து துண்டாக வெட்டி, இடம் மாற்றிப் போட்டு, "சரியாக அடுக்கு" என்று கேட்பார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தவர்களே இதில் திணறுவார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். ஆங்கில உதாரணங்களும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். சாய்கோடு வெட்டிய இடத்தைக் காட்டுகிறது.

1. தமிழ்ல எப்படி மாத்திப் போட்டாலும் அர்த்தம் வருதே, இங்கிலீஷ்ல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகிறது. "நாய் மனிதனைக் கடித்தது", "மனிதனை நாய் கடித்தது", "கடித்தது நாய், மனிதனை" என்று எப்படிப் போட்டாலும் கடிபட்டவன் மனிதன்தான். 'ஐ' என்ற ஓர் எழுத்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "தி டாக் பிட் தி மேன்" என்பதை "தி மேன் பிட் தி டாக்" என்று மாற்றினால் கடித்தது யார் என்பதே மாறிவிடும். அங்கே உருபு செய்யும் வேலையை இடம் செய்கிறது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள்.

பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு இப்படி உருபுகள் இருந்தன. நாளடைவில் பெரும்பாலானவை தேய்ந்துவிட்டன. எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டும் வடிவம் 'ஹி, ஹிம்', 'ஷி, ஹெர்', 'தே, தெம்' போன்ற பிரதிப்பெயர்களில்தான் மிச்சமிருக்கிறது. அந்த மிச்சம் நமக்கு லாபம். ஒரு துண்டு 'ஹி' என்று தொடங்கினால் அதற்குப் பின்னால் ஒரு வினை வர வேண்டும். 'ஹிம்' என்று தொடங்கினால் அதற்கு முன்னால் ஒரு வினையோ, 'டு, ஆன்' போன்ற முன்னிடைச்சொல்லோ இருக்க வேண்டும்.

2. துண்டுகளைப் பார்த்ததும் தலை சுத்துது. முதல்ல எதைத் தேடணும்?

வினைமுற்றை. பலரும் "முதலில் வருவது எது?" என்று தேடத் தொடங்கி அங்கேயே நேரத்தைத் தொலைக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, "இந்த வாக்கியத்தின் முற்று எது?" என்று கேளுங்கள். தமிழில் முற்று கடைசியில் வந்து கதவைச் சாத்தும். ஆங்கிலத்தில் அது எழுவாயை ஒட்டி வாக்கியத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். நாம் கடைசியிலேயே தேடிப் பழகியவர்கள் என்பதால் அது கண்ணில் படாமல் போகிறது.

"டு ஹெர் அங்கிள் / ரோட் / தி கேர்ள் / எ லாங் லெட்டர்". எழுதினாள் என்று பொருள்தரும் 'ரோட்' முற்று. யார் எழுதியது? 'தி கேர்ள்'. எதை? 'எ லாங் லெட்டர்'. யாருக்கு? 'டு ஹெர் அங்கிள்'. அந்தக் கேள்விகளின் வரிசையே விடையின் வரிசை: "தி கேர்ள் ரோட் எ லாங் லெட்டர் டு ஹெர் அங்கிள்."

3. வினை மாதிரி ரெண்டு மூணு இருக்கே, அதுல எது முற்று?

நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. நம் இலக்கணத்தில் முற்று, எச்சம் என்று படித்தோமே, அந்தப் பிரிவினை இங்கே அப்படியே கைகொடுக்கும். "தி பாய் / சிட்டிங் நியர் தி விண்டோ / இஸ் மை பிரதர்" என்பதில் 'சிட்டிங்' முற்றல்ல, 'உட்கார்ந்திருக்கும்' என்ற பெயரெச்சம். 'இங்' என்று முடியும் சொல்லுக்கு முன்னால் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' போன்ற துணைவினை ஒன்று இருந்தால்தான் அது முற்றாகும். 'டு' போட்டு வரும் வினையும் முற்றாகாது.

இறந்தகால வடிவம் இன்னும் ஏமாற்றும். "தி புக்ஸ் / கெப்ட் ஆன் தி ஷெல்ஃப் / வேர் நெவர் ஓபன்ட்". 'கெப்ட்' என்பது 'வைத்தார்' என்றும் இருக்கலாம், 'வைக்கப்பட்ட' என்றும் இருக்கலாம். முற்றாக மட்டுமே இருக்கக்கூடிய சொல் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'வேர்' இருக்கிறது. அப்படியானால் 'கெப்ட்' எச்சம்.

இதில் தடுமாறுவதற்கு வெட்கப்பட வேண்டாம். "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்" என்று 1970இல் ஒரு மொழியியல் கட்டுரையில் வந்து பிரபலமான வாக்கியம் உண்டு. 'களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது' என்பது பொருள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ரேஸ்ட்' என்பதை முற்றாக எடுத்துக்கொண்டு, கடைசியில் 'ஃபெல்' வந்ததும் முட்டி நிற்பார்கள்.

4. முற்று கிடைச்சாச்சு. ஆனா எழுவாய் மாதிரி ரெண்டு பெயர் நிக்குதே?

ஒருமை பன்மையைப் பாருங்கள். "ஆஃப் தீஸ் புக்ஸ் / ஹேஸ் கான் அப் / தி பிரைஸ்". 'ஹேஸ்' ஒருமை. ஆகவே ஏறியிருப்பது விலைதான், புத்தகங்கள் அல்ல: "தி பிரைஸ் ஆஃப் தீஸ் புக்ஸ் ஹேஸ் கான் அப்." 'ஆஃப்' வந்தால் அதற்கு முன்னால் நிற்கும் பெயரே பெரும்பாலும் தலை. "ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் ஹேஸ் கம்" என்பதும் இதே கணக்குதான்.

உண்மையிலேயே இரண்டு முற்று, இரண்டு எழுவாய் இருந்தால் இரண்டையும் கோக்கும் சொல் ஒன்று பெரும்பாலும் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அண்ட், பட், பிகாஸ், வென், இஃப், தோ, தட், ஹூ, விச் ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

5. மனசுல தமிழ்ல சொல்லிப் பார்த்துட்டு அடுக்கினா தப்பா வருது. தமிழையே நினைக்கக் கூடாதா?

தாராளமாக நினைக்கலாம். பொருளைத் தமிழில் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொள்ளுங்கள். 'மேசை' முன்னால், 'மேல்' பின்னால் என்பது நம் வழக்கம். 'ஆன்' முன்னால், 'தி டேபிள்' பின்னால் என்பது அவர்கள் வழக்கம். நாம் 'அக்கா கொடுத்த பேனா' என்போம். அவர்களுக்கு 'தி பென் தட் மை சிஸ்டர் கேவ்'. அடைமொழியாக வரும் தொடர் தமிழில் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் பின்னால் தொங்கும்.

நீளமான வாக்கியத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். "அவள் / நேற்றிரவு / அரங்கில் / அழகாக / பாடினாள்" என்பதில் 'அவள்' இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மற்றதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டே வாருங்கள்: "ஷி / சாங் / பியூட்டிஃபுலி / இன் தி ஹால் / லாஸ்ட் நைட்". எழுவாய் மட்டும் இரண்டு மொழியிலும் முன்வாசலில் நிற்கிறது, மற்றதெல்லாம் தலைகீழ். எல்லா வாக்கியமும் இவ்வளவு கச்சிதமாகத் திரும்பாது. ஆனாலும் மனப்பாடம் செய்யும் பத்து விதிகளைவிட இந்த ஒரு பார்வை அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம்.

6. நாலு துண்டுதானே, எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்துட்டா என்ன?

நான்கு துண்டுகளை 24 விதமாக அடுக்கலாம். ஐந்து என்றால் 120, ஆறு என்றால் 720. போட்டுப் பார்த்து மாளாது. ஆனால் "இதற்கு அடுத்து உடனே இதுதான்" என்று ஒரே ஒரு ஜோடி உறுதியாகத் தெரிந்தால் 24 என்பது 6 ஆகச் சுருங்கிவிடும். தனித்தனியாக இரண்டு ஜோடி கிடைத்தால் மிச்சம் 2 தான். ஆகவே முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் கட்டப் பார்க்காமல் ஜோடி சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

7. எது எதோட ஜோடி சேரும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

துண்டின் கடைசிச் சொல்லையும் முதல் சொல்லையும் பாருங்கள். வெட்டுக்காயம் அங்கேதான் இருக்கும். 'தி' என்று முடிந்தால் அடுத்தது பெயரோ அதன் அடைமொழியோ. 'அன்' என்று முடிந்தால் அடுத்த துண்டு உயிரொலியில் தொடங்க வேண்டும். எழுத்தை நம்பாதீர்கள், ஒலியை நம்புங்கள்: 'அன் ஹவர்', ஆனால் 'எ யுனிவர்சிட்டி'. 'ஹேஸ், ஹேவ், ஹேட்' என்று முடிந்தால் 'கான், சீன், டன்' போன்ற மூன்றாம் வடிவம் வருகிறதா என்று தேடுங்கள். 'கேன், வில், மஸ்ட்' என்று முடிந்தால் எதுவும் ஒட்டாத மூல வினை.

அடுத்து, பழகிய கூட்டாளிகள். 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்', 'அஃப்ரெய்ட்' வந்தால் 'ஆஃப்', 'கன்சிஸ்ட்' வந்தால் 'ஆஃப்'. தூரத்தில் நின்றே கைகோக்கும் இணைகளும் உண்டு: 'நோ சூனர்' என்றால் 'தேன்', 'ஹார்ட்லி' என்றால் 'வென்', 'சோ' என்றால் 'தட்', 'டூ' என்றால் 'டு', 'நாட் ஒன்லி' என்றால் 'பட் ஆல்சோ', 'நைதர்' என்றால் 'நார்', 'பெட்வீன்' என்றால் 'அண்ட்'. இவற்றில் ஒரு பாதியைக் கண்டால் மறுபாதி பின்னால் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

'ஹூ, விச், ஹூஸ்' என்று தொடங்கும் துண்டு தான் சுட்டும் பெயரின் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்க விரும்பும். 'ஹூ' என்றால் ஆளைத் தேடுங்கள், 'விச்' என்றால் பொருளைத் தேடுங்கள்.

8. முழுசா ஒண்ணு செஞ்சு காட்டுங்க.

தொடக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது: "தி ஓல்ட் கிளாக்". துண்டுகள்: (பி) "டு ஸ்ட்ரைக்", (க்யூ) "விச் ஹேட் ஸ்டாப்ட் இயர்ஸ் அகோ", (ஆர்) "இன் தி மிடில் ஆஃப் தி நைட்", (எஸ்) "சடன்லி பிகேன்".

வினைகள் மூன்று. 'டு ஸ்ட்ரைக்' முற்றல்ல. 'ஹேட் ஸ்டாப்ட்' முற்றுதான், ஆனால் 'விச்'சுக்குள் அடங்கிய உள்வாக்கியத்தின் முற்று. தலைமை முற்று 'பிகேன்'. தொடங்கியது என்றால் என்ன செய்யத் தொடங்கியது? 'டு ஸ்ட்ரைக்'. எஸ், பி ஒரு ஜோடி. 'விச்' கடிகாரத்தை ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் க்யூ முதலில். நள்ளிரவு என்பது எப்போது என்ற கேள்விக்கு விடை. 5ஆம் பதிலில் பார்த்தபடி அது கடைசிக்குப் போகிறது. விடை: க்யூ, எஸ், பி, ஆர். "தி ஓல்ட் கிளாக் விச் ஹேட் ஸ்டாப்ட் இயர்ஸ் அகோ சடன்லி பிகேன் டு ஸ்ட்ரைக் இன் தி மிடில் ஆஃப் தி நைட்."

9. அதே வாக்கியத்துல ஆர் துண்டை க்யூவுக்கு அடுத்துப் போட்டாலும் சரியாத்தானே இருக்கு?

இலக்கணப்படி தப்பில்லை. "விச் ஹேட் ஸ்டாப்ட் இயர்ஸ் அகோ இன் தி மிடில் ஆஃப் தி நைட்" என்று படித்துப் பாருங்கள். கடிகாரம் நள்ளிரவில் நின்றுபோனதா, நள்ளிரவில் அடிக்கத் தொடங்கியதா என்று குழப்பம் வந்துவிட்டது. இரண்டு வரிசை நிற்கும்போது, எந்தத் துண்டு எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஐயமில்லாமல் தெரியும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

சில வாக்கியங்களுக்கு உண்மையாகவே இரண்டு விடை உண்டு. "யெஸ்டர்டே ஐ மெட் ஹிம்" என்றாலும் "ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே" என்றாலும் குற்றமில்லை. அங்கே பெரிய எழுத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவைதான் தீர்ப்பு சொல்லும். அவையும் இல்லாமல் ஒரே விடைதான் சரி என்று கேட்டிருந்தால், கேள்வி அமைத்தவர் கொஞ்சம் அசந்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

10. எப்படி, எங்கே, எப்போ மூணும் வந்தா அதே வரிசைதானா எப்பவும்?

பெரும்பாலும். ஆனால் போவது வருவதைச் சொல்லும் வினைகளுக்குப் பின்னால் இடம் முந்திக்கொள்ளும்: "ஹி வென்ட் டு தி ஸ்டேஷன் பை பஸ் யெஸ்டர்டே." எங்கே போனான் என்பது தெரியாமல் 'வென்ட்' அந்தரத்தில் நிற்கும் அல்லவா?

'ஆல்வேஸ், ஆஃபன், நெவர்' கூட்டம் இந்த வரிசையில் சேராது. அவை முதன்மை வினைக்கு முன்னால் நிற்கும்: "ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்." 'இஸ், வாஸ்' மட்டும் வினையாக இருந்தால் அதற்குப் பின்னால்: "ஹி இஸ் ஆல்வேஸ் லேட்." துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: "ஹி ஹேஸ் ஆல்வேஸ் கம் லேட்."

11. நாலு பெயரடை சேர்ந்து வந்தா?

கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்த பொருள், பயன். "எ லவ்லி பிக் ஓல்ட் பிரவுன் லெதர் பேக்." மாற்ற முடியாத குணம் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும், ஆளுக்கு ஆள் மாறும் அபிப்பிராயம் தூரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் பட்டியலை உருப்போட வேண்டியதில்லை.

12. 'வேர்', 'வாட்' வந்தா கேள்விதானே? ஏன் முற்றுப்புள்ளி வெச்சிருக்காங்க?

"லிவ்ஸ் / ஐ டு நாட் நோ / ஷி / வேர்". இது கேள்வி அல்ல, கேள்வியை வயிற்றில் வைத்திருக்கும் சாதாரண வாக்கியம்: "ஐ டு நாட் நோ வேர் ஷி லிவ்ஸ்." உள்ளே போன கேள்வி நேர் வரிசைக்குத் திரும்பிவிடும், எழுவாய் முன், வினை பின். 'வேர் டஸ் ஷி லிவ்' என்று உள்ளே போடக் கூடாது. வெளி வாக்கியமே கேள்வியாக இருந்தாலும் உள்ளே நேர் வரிசைதான்: "டூ யூ நோ வேர் ஷி லிவ்ஸ்?"

13. கேள்விக்குறி இல்லை, ஆனா விடையில 'ஹேவ் ஐ', 'டிட் ஹி'ன்னு தலைகீழா இருக்கு. இது அச்சுப்பிழையா?

பிழையல்ல. மறுப்பையோ குறுக்கத்தையோ காட்டும் சொல் வாக்கியத்தின் தலைக்கு வந்துவிட்டால் துணைவினை எழுவாயைத் தாண்டிக் குதிக்கும். "நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ க்ரவுட்." "ஒன்லி தென் டிட் ஹி அண்டர்ஸ்டாண்ட்." 7ஆம் பதிலில் சொன்ன 'நோ சூனர்', 'ஹார்ட்லி' இரண்டும் முதலில் நின்றால் இப்படித்தான்: "நோ சூனர் ஹேட் தி பெல் ரங் தேன் தி சில்ட்ரன் ரேன் அவுட்."

இன்னொரு வகையில் 'இஃப்' மறைந்திருக்கும். "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்." 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பது பொருள். 'ஹேட் ஐ' என்று தொடங்கும் துண்டு இருந்து, வேறொரு துண்டில் 'வுட் ஹேவ்' இருந்தால் இதுதான் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

14. 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' ரெண்டுமே படிச்சிருக்கேன். எதைப் போடறது?

இரண்டும் சரி. பெயருக்குப் பதில் 'இட்' வந்தால் மட்டும் ஒரே வழி: "டர்ன் இட் ஆஃப்."

15. 'இங்'ல தொடங்கி காற்புள்ளி வர்ற துண்டுக்கு அடுத்து எது வரும்?

அந்தச் செயலைச் செய்தவர். "வாக்கிங் அலாங் தி ரோட்," என்று தொடங்கினால் நடந்தவர் உடனே வர வேண்டும்: "ஐ சா எ ஸ்னேக்." அங்கே 'எ ஸ்னேக் வாஸ் சீன்' என்ற துண்டை வைத்தால் பாம்பு சாலையோரம் நடை பழகியதாகிவிடும். தமிழிலும் 'நடந்துகொண்டே' என்ற வினையெச்சத்துக்கு முற்றின் எழுவாய்தானே எழுவாய்? அதே நியாயம்தான்.

16. காதுக்கு நல்லா கேட்டா சரின்னு விட்டுடலாமா?

நிறையப் படித்த காது என்றால் விடலாம். தமிழோசையிலேயே ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகிய காது 5ஆம் கேள்வியில் சொன்ன தவறான வரிசைக்கும் தலையாட்டும். ஜோடிகளை மூளையால் சேர்த்து, கடைசியில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

காதைப் பழக்க வழி கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நன்றாக எழுதப்பட்ட ஏதாவதொரு பத்தியிலிருந்து ஐந்து வாக்கியங்களைத் துண்டு துண்டாக எழுதிக் கலைத்து வையுங்கள். மறந்துபோன பிறகு, இரண்டு நாள் கழித்து, அடுக்குங்கள். எங்கே வெட்டினால் வாக்கியம் நோகும் என்று வெட்டும்போதே தெரிந்துவிடும்.

17. இது வெறும் பரீட்சை விளையாட்டுதானே?

நம் முன்னோர் இதைப் பாட்டில் விளையாடியிருக்கிறார்கள். 'சுரை ஆழ, அம்மி மிதப்ப' என்று பாட்டில் வந்தால், சுரை மிதக்கிறது, அம்மி ஆழ்கிறது என்று மாற்றிக் கொள்வது மொழிமாற்றுப் பொருள்கோள். பல அடிகளில் சிதறிய சொற்களை எடுத்துக் கூட்டிப் பொருள் கொள்வதற்குக் கொண்டுகூட்டு என்றே பெயர். செய்யுளை உரைநடையாக்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்விகள் சீக்கிரம் பிடிபடுகின்றன. நேரடிப் பயன் கேட்டால், எழுதும்போது கிடைக்கும். சொந்த வாக்கியம் குழம்பியிருக்கும்போது எந்தத் துண்டை நகர்த்த வேண்டும் என்று தெரியும்.

18. துண்டுக்குப் பதிலா முழு வாக்கியங்களையே கலைச்சுக் கொடுத்தா? அங்க முற்றைத் தேடி என்ன செய்ய?

சரிதான், 2ஆம் பதில் அங்கே செல்லாது. ஒவ்வொரு வாக்கியமும் தன்னளவில் முழுமையானது. ஆனால் 6ஆம் பதிலின் ஜோடி சேர்க்கும் வழி அப்படியே செல்லும். இங்கே ஒட்டுவது இலக்கணத்தால் அல்ல, சுட்டுகளால். முதன்முறை வரும்போது 'எ வெல்', அறிமுகமான பிறகு 'தி வெல்'. 'ஹி, இட், திஸ், சச்' என்று வந்தால் அது சுட்டும் பெயர் பெரும்பாலும் முந்தைய வாக்கியத்தில் இருக்கும். முழுப்பெயர் முன்னால், சுருக்கப்பெயர் பின்னால். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' உள்ள வாக்கியம் பத்தியைத் தொடங்காது.

போட்டுப் பாருங்கள்: (பி) "ஹி தேர்ஃபோர் டக் அனதர்." (க்யூ) "எ ஃபார்மர் ஹேட் எ வெல்." (ஆர்) "திஸ் ஒன் நெவர் ஃபெயில்ட் ஹிம்." (எஸ்) "ஒன் சம்மர் தி வெல் ட்ரைட் அப்." 'எ வெல்' அறிமுகம் என்பதால் க்யூ முதலில். 'தி வெல்' வற்றுவது எஸ். வற்றியதால்தான் 'தேர்ஃபோர்', பி. 'அனதர்' தோண்டிய பிறகுதான் 'திஸ் ஒன்', ஆர். பி, ஆர் இரண்டிலும் அந்த ஆள் 'ஹி, ஹிம்' ஆக வருகிறார். க்யூவில் 'எ ஃபார்மர்' என்று அறிமுகமானவரே அவர்.